ஆலாத்தித் தட்டு விற்ற கடை

எங்கள் சனம் ஒரு பொருளை வாங்க வந்தால் முதலில் விலை கேட்காது, ஊர் கேட்கும். "நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?" என்று தொடங்கும். அதற்குப் பதில் கிடைத்தால், "பிள்ளையள் என்ன படிக்கினம்?" என்று போகும். அதுவும் திருப்தியென்றால், "அண்ணை என்ன செய்யிறார்?" இவ்வளவும் முடிந்த பிறகுதான், "அந்தச் சிவப்புத் தட்டு என்ன விலை போட்டிருக்கிறியள்?" என்று மெதுவாக வரும். விலை இணையத்தில் கொட்டை எழுத்தில் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள்.

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ஓல்டன் நகரத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நான் நடத்துகிற சின்ன இணையக்கடைக்கு ஆட்கள் இப்படித்தான் வந்தார்கள். கதைப்பதென்றால் எனக்குச் சோறு வேண்டாம். முதல் இரண்டு கேள்விகளுக்கும் கேட்டதற்கு மேலாகவே பதில் சொல்வேன். மூன்றாவதில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடை தொடங்குவதற்கு முன்பே என் கணவர் காலமாகிவிட்டார்.

வேறு கடையென்றால் அது ஒரு விஷயமே இல்லை. புருஷன் இல்லாதவள் மிளகாய்த்தூள் விற்றால் யாருக்கு என்ன? நான் விற்றது ஆலாத்தித் தட்டு. பெண்பிள்ளை பெரியவளானதற்கு வைக்கிற சாமத்தியவீட்டிலும் கலியாணத்திலும் பிள்ளையை நடுவில் நிறுத்தி, இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று, வாழைப்பழத் துண்டில் திரி கொளுத்தி வைத்த தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றுவார்களே, அந்தத் தட்டு. அதைப் பிடிக்கப் புருஷன் உயிரோடு இருக்கிறவர்களைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவள் பிடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். மற்றவள் செய்த தட்டு ஆகுமா ஆகாதா என்று யாரும் யோசித்ததில்லை. அப்படியொருத்தி தட்டுச் செய்து விற்பாள் என்று நினைத்திருந்தால் அல்லவா யோசிப்பதற்கு.

நானும் விற்பதற்கென்று தொடங்கவில்லை. ஊரில் போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் கொண்டாட்டங்களில் மேளச் சத்தமே இருக்கவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு இழவு கிடக்க, இங்கே மண்டபம் எடுத்து மாலை போட யாருக்கு மனம் வரும்? பெண்பிள்ளைகள் பெரிய பிள்ளையானார்கள். தாய்மார் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வார்த்து முடித்துவிட்டார்கள். பிறகு கொண்டாட்டங்கள் மெல்லத் திரும்பி வந்தன, முன்னையிலும் பெரிதாக. மேடை, வீடியோ, சோடனை, ஒன்றைப்போல் ஒன்று இல்லாத தட்டுகள். அந்தக் காலத்தில்தான் என் கணவர் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார். அவர் போனபோது, ஊர் முழுக்கச் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் எங்கள் வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டது போல இருந்தது.

காலையில் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்கும். அது பொல்லாத சும்மா. மகளின் சிநேகிதிக்குச் சாமத்தியவீடு வைத்தபோது, தாய்க்காரி சோடனைக்கு ஆள் கிடைக்காமல் அந்தரப்பட்டாள். "முத்தையும் கல்லையும் கொண்டுவந்து தாரும், நான் ஒட்டிப் பார்க்கிறன்" என்றேன். பழகாத கை; சூடு பசை விரல்களைப் பொசுக்கியது. ஆனாலும் ஒரு மயில் வந்துவிட்டது. நீலக் கல்லில் கழுத்து, வெள்ளி நூலில் தோகை.

தட்டுகளைப் பெட்டிகளில் கொண்டுபோய் மண்டபத்தில் அடுக்கிக் கொடுத்துவிட்டுச் சுவரோடு நின்றேன். ஒருவரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மயில் தட்டை யாரோ இருவர் பிடித்துச் சுற்றினார்கள். "ஆரப்பா செய்தது? உயிர் மாதிரி இருக்கு" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்க, "ஓல்டனிலை ஒரு அக்காவாம்" என்று இன்னொருத்தி சொன்னாள். அந்த அக்காவான நான் அவர்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இணையக்கடை மகளின் யோசனை. அவள் ஒரு கந்தோரில் கணக்கெழுதித் தொழில் பழகிக்கொண்டு வணிகம் படித்தாள். "அம்மா, நீங்கள் செய்து செய்து அலுமாரி நிறைஞ்சு போச்சு. இனி என்ர கட்டிலுக்குக் கீழதான் மயில் படுக்க வேணும்" என்று சொல்லி, படம் எடுத்து, கடையைத் திறந்து தந்தாள்.

ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எங்கே நின்றார்கள் என்பதையெல்லாம் மகள் கணினியில் காட்டுவாள். தெருக்கடையில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களை உள்ளே இருந்து பார்ப்பது போல இருக்கும். பார்த்தவர்களில் பெரும்பாலோர் வாங்கவில்லை.

வாங்க வைப்பதற்கு மகள் படித்த வித்தைகளையெல்லாம் சொன்னாள். படத்துக்குக் கீழே 'இன்னும் இரண்டுதான் மிச்சம்' என்று போடலாமாம்.

"மூண்டாவதாய் ஒராள் கேட்டா என்ன சொல்லுறது?"

"இல்லை எண்டு சொல்லுறது."

"இருந்து செய்தா இரண்டு நாளிலை முடியிற சாமானை இல்லை எண்டு சொல்லவோ? நல்ல கதை."

இன்னொரு வித்தை, மலிவு விலை முடிவதற்கு இவ்வளவு நேரம்தான் இருக்கிறது என்று ஒரு மணிக்கூடு திரையில் பின்னோக்கி ஓடுவது. அதைப் பார்த்ததும் எனக்கே ரயிலைத் தவறவிட்ட பதற்றம் வந்தது. "இதை எடு பிள்ளை. தாய்மார் ஏற்கெனவே மண்டபம், சாப்பாடு, சொந்தக்காரர் எண்டு பதறிக்கொண்டுதான் வருவினம். நாங்களும் சேர்ந்து கலைச்சுத் துரத்த வேண்டாம்" என்றேன்.

ஒருநாள் மகள் கணினியை என் பக்கம் திருப்பினாள். "பாருங்கோ அம்மா. தட்டைக் கூடைக்குள்ளை போடுகினம். காசு கட்டுற இடம் மட்டும் போகினம். அதிலை நிண்டுபோட்டுத் திரும்பி 'எங்களைப் பற்றி' எண்ட பக்கத்துக்குப் போகினம். அங்கை இருந்து அப்பிடியே வெளியிலை."

"ஏனாம்?"

"அங்கை ஒருத்தரும் இல்லை. ஒரு தட்டின்ர படம்தான் கிடக்கு. ஆரின்ர கடை எண்டு பார்க்கத்தான் போகினம். ஆளைக் காணேல்லை எண்டதும் போயிடினம். உங்கட படத்தைப் போடுவம்."

எனக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. தொலைபேசியில் ஊர் கேட்கிற அதே சனம்தான். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு முகத்தைத் தேடுகிறது. அந்த முகத்தில் பொட்டு இருக்கிறதா என்றும் தேடும். அது மகளுக்குத் தெரியாது.

"என்ர படம் வேண்டாம்."

"சிரிக்கத் தேவையில்லை அம்மா. சும்மா நிண்டாக் காணும்."

"என்னைக் கண்டா ஆலாத்தித் தட்டு வாங்கமாட்டினம்."

ஏன் என்று கேட்டாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. சிநேகிதியின் விழாவில் நான் சுவரோடு நின்றதைக் கண்டவள்தான். கால் உளைவால் நிற்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். சொல்லிக் கொடுக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம் என்று அதுவரை இருந்தேன். அன்று சொன்னேன். தாய் ஒருத்தி தன் மகளுக்குச் சொல்வதற்கு அது கடினமான கதை. அவள் கணினியை மூடிவிட்டுக் கேட்டாள். கடைசியில், "அப்ப நீங்கள் என்னத்துக்கு அதையே செய்யிறியள்?" என்றாள். நான் பசையை எடுத்து அடுத்த கல்லை ஒட்டினேன்.

அந்தக் கிழமை பாடனிலிருந்து மச்சாள் வந்தார். என் கணவரின் தமக்கை. புருஷன், பிள்ளைகள், பெரிய குங்குமப் பொட்டு என்று நிறைவாக இருக்கிற மனுஷி. மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கோ இவ்வளவு மண்டை உடைக்கிறியள்? என்ர படத்தைப் போடுங்கோ. குடும்பக் கடை தானே. நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன், நீர் இருந்து செய்யும்."

"அது பொய் மாமி" என்றாள் மகள்.

"என்ன பொய்? நான் ஆர், தெருவாலை போறவளோ? உன்ர அப்பாவின்ர அக்கா. சனம் கேக்கிறது ஒரு மங்களமான முகம். என்ர முகத்துக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. முகத்துக்குக் கீழை நாடிதான் இரண்டு" என்றேன். மச்சாள் என் தோளில் ஒன்று போட்டார்.

கேலி செய்தேனே தவிர, எனக்கு ஆசையும் இருந்தது. கடை ஓடும். ஒருவருக்கும் நஷ்டமில்லை. மச்சாள் என் அலுமாரியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்துக் கட்டி, ஜன்னலோரம் நின்று மயில் தட்டைப் பிடித்தார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்தாள். எடுத்த படத்தை மச்சாள் வாங்கிப் பார்த்தார். வடிவாகத்தான் இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தட்டை மேசையில் வைத்தார்.

"என்ர தம்பி இதைப் பார்த்தா என்ன சொல்லுவான்? தன்ர மனிசியின்ர கடையிலை நீ ஏன் அக்கா நிக்கிறாய் எண்டு கேப்பான்." மகளிடம் கைத்தொலைபேசியை நீட்டினார். "அழி பிள்ளை."

நாங்கள் மூன்று பேரும் தேத்தண்ணீர் குடித்தோம்.  என் மனதில் ஒரு பயம் முழு உருவத்தோடு எழுந்தது அப்போதுதான். படம் போடாமல் மறைத்து விற்றுக்கொண்டே போகலாம். ஒருநாள் யாருக்காவது தெரியவரும். அதற்குள் எந்தப் பிள்ளைக்காவது ஒரு காய்ச்சல், ஒரு விபத்து, ஒரு சரிவராத கலியாணம் வந்திருக்கும். வராத பிள்ளை உலகத்தில் உண்டா? அன்றைக்கு என் தட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். அந்தத் தாயின் மனதில் அது ஏறினால் இறங்காது. வாங்காமல் போகிறவர்களை என்னால் தாங்க முடியும். அந்தச் சொல்லைத் தாங்க முடியாது.

"படம் போடு" என்றேன் மகளிடம். "ஆனால் கீழே எழுதவும் வேணும்."

சொல்லச் சொல்ல எழுதினாள். இந்தத் தட்டுகளை நானே செய்கிறேன். என் கணவர் காலமாகிவிட்டார். இதை அறிந்து வாங்க விரும்புகிறவர்கள் வாங்குங்கள். வேண்டாமென்று நினைக்கிறவர்கள் மீது எனக்கு மனவருத்தம் இல்லை.

கடைசி வரியில் மகள் கையை எடுத்துவிட்டாள். "கடையிலை ஆர் அம்மா, 'வாங்காட்டியும் பரவாயில்லை' எண்டு எழுதுறது? எனக்குப் படிப்பிச்ச வாத்தியார் கண்டால் மயங்கி விழுந்திடுவார்."

"விழட்டும். நீ எழுது."

மச்சாள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து வாசித்தார். "எழுதினது எழுதினதுதான். அழிக்காதேங்கோ" என்று மட்டும் சொல்லி ரயிலுக்குப் போனார்.

படத்தில் நான் வேலைக்குப் போடுகிற சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு நின்றேன். பொட்டில்லாத நெற்றி வெளிச்சத்தில் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

என்ன நடக்கும் என்று நினைத்தேனோ அதுவே நடந்தது. ஏற்கெனவே தட்டுக்குச் சொல்லியிருந்த ஒரு தாய் தொலைபேசி எடுத்து, "மாமியார் ஒத்துக்கொள்ளுறா இல்லை அக்கா, எனக்கெண்டா ஒண்டுமில்லை, குறை நினைக்காதேங்கோ" என்றாள். குறை நினைக்கவில்லை என்று அவளுக்குச் சொல்லி, மகளின் படிப்பை விசாரித்து, சந்தோஷமாகத்தான் வைத்தேன். வைத்த பிறகு அவளுக்கென்று செய்த தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அதற்குப் பிறகு தொலைபேசி ஓய்ந்துவிட்டது. ஊர் கேட்கக்கூட ஆளில்லை. நான் தட்டுச் செய்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கடை போனதோடு நானும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஊஸ்டரிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். ஊர் கேட்கவில்லை. பிள்ளை கேட்கவில்லை. "நீங்கள்தான் எழுதினனீங்களோ?" என்றாள்.

"ஓம்."

"எனக்கு ஆலாத்தித் தட்டு வேணும். என்ர மகளுக்கு."  நான் எழுதிக்கொள்ளப் பேனையை எடுத்தேன். "அவர் இல்லை அக்கா. இரண்டு வருஷமாச்சு. என்ர பிள்ளைக்கு நான்தான் பிடிக்கப் போறன். ஆர் என்ன சொன்னாலும் பிடிப்பன். அவரின்ர தமக்கை, தான் பிடிக்கிறன் எண்டு நிக்கிறா, நான் விடேல்லை. இப்ப பிரச்சினை என்னண்டா, நான் ஒரு பக்கம் பிடிச்சா மற்றப் பக்கம் பிடிக்க ஒருத்தரும் வரமாட்டினமாம்."

நான் என்ன நிறம் வேண்டும், எத்தனை தட்டு வேண்டும் என்று கேட்கத் தயாராக இருந்தேன். அவள் முடிக்கவில்லை.

"தட்டோடை நீங்களும் வாறியளோ?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சாமான் வாங்குகிறவர்கள் என்னிடம் நூறு தடவை சொல்லிய சொல். அன்று நான் சொன்னேன். வாங்காமல் நழுவுவதற்கு அதைப் போல வசதியான சொல் வேறில்லை.

சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதும் அதே யோசனை. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஏதும் நடந்தால்?  நம்பிக்கை இல்லாவிட்டாலும் பயம் மட்டும் தனியாக இருக்கும் என்று அன்று கண்டேன். மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "போம். நான் உம்மட இடத்திலை இருந்தா போகமாட்டன், பயந்திடுவன். ஆனா நீர் போம்." அதை நான் ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டேன். அவரால் கொடுக்க முடிந்தது அதுதான்.

ஊஸ்டருக்கு மகளும் நானும் தட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனோம். மண்டபத்து வாசலில் அந்தத் தாய் எங்களுக்காக நின்றாள். நான் நினைத்ததைவிட இளமை. பட்டுச் சேலை கட்டியிருந்தாள்; பொட்டு வைக்கவில்லை. "குளிரோ?" என்று கேட்டு என் கையைப் பிடித்தாள். அவள் கைதான் குளிர்ந்திருந்தது.

ஆலாத்திக்கு நேரம் வந்ததும் ஒலிவாங்கிக்காரர் வழக்கம்போல, "சுமங்கலிப் பெண்கள் மேடைக்கு வரவும்" என்று சொல்லத் தொடங்கி, தாய் ஏறுவதைக் கண்டு பாதியில் நிறுத்திவிட்டார். முன்வரிசையில் கதிரை ஒன்று பின்னால் உரசியது. ஒரு பெரிய மனுஷி எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் போனார். தட்டைத் தான் பிடிக்கிறேன் என்று நின்ற தமக்கை, பிள்ளையின் மாமி, அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஏறினேன்.

திரிகளைக் கொளுத்தித் தட்டைத் தூக்கினோம். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் பிடித்தால்தான் தட்டு நேராக நிற்கும். நாங்கள் ஆளுக்கொரு உயரத்தில் பிடித்தோம். "உங்கட பக்கம் பதியுது அக்கா" என்று தாய் உதடு அசையாமல் சொன்னாள். "நீர் உயர்த்திப் பிடிக்கிறீர்" என்றேன் நான். நடுவில் நின்ற பிள்ளைக்கு நகையும் மாலையும் சேர்ந்து வியர்த்து ஊற்றியது. "அம்மா, கெதியாச் சுத்துங்கோ, முகம் எரியுது" என்றாள். தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் தட்டு நேரானது. சுற்றினோம். பிறகு தாய் தன் மகளின் நெற்றியில் பொட்டு வைத்தாள். வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. மண்டபத்தில் குழந்தைகள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் தட்டை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, அவள் முடிக்கும் வரை நின்றேன்.

சாப்பாட்டு நேரம் மகளோடு ஒரு மூலையில் இருந்தேன். முன்வரிசையிலிருந்து எழுந்து போன மாமி எங்கள் மேசைக்கு வந்தார். மகள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள், சண்டைக்குத் தயார். நான் அவள் முழங்காலில் கை வைத்தேன்.

"நீங்கள்தானோ தட்டுச் செய்யிற ஆள்?"

"ஓம் அக்கா. இருங்கோவன்."

அவர் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்கட பக்கத்தை வாசிச்சனான். தம்பியின்ர பிள்ளை காட்டினவள்." கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தார். "வைகாசியிலை என்ர மகளுக்குக் கலியாணம். தட்டு உங்களிட்டைத்தான் எடுப்பன். ஆனா பிடிக்கிறதுக்கு வேற ஆக்களைத்தான் கூப்பிடுவன். இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு கதை வரக்கூடாது."

மகள் ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

"சரி அக்கா" என்றேன். "பொம்பிளைக்கு என்ன நிறத்திலை கூறைச் சேலை எடுக்கினம்?"

அவர் அப்போதுதான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.